மணிமுத்தாறு சாலையில் ஒரு பதநீர் வண்டி
வரப்புப் பனையிலிருந்து வருமானம் காண ஒரு வழி

கோடை தொடங்கிவிட்டால் மணிமுத்தாறு அணையையும் அருவியையும் காண நாள்தோறும் மக்கள் வருகின்றனர். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லிடைக்குறிச்சியிலிருந்து அணைக்குச் செல்லும் சாலையில் வேன்களும் கார்களும் வரிசையாகச் செல்வதைக் காணலாம். இவர்கள் தாகத்திற்கு வாங்கிக் குடிப்பது என்ன? வெளியூரில் அடைக்கப்பட்ட வண்ணக் குளிர்பானங்களே. அதே சாலையின் இருமருங்கிலும் வரப்பிலும் குளக்கரையிலும் நிற்கும் பனைகளில் பல, பாளை சீவ ஆளின்றிச் சும்மா நிற்கின்றன. சில மரங்கள் செங்கல் சூளைக்கு விலை பேசப்படுகின்றன.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம் என்று 1978-ல் அறிவிக்கப்பட்டது. மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக்கூடாது என்று 2021-ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. ஆனால் சட்டம் மட்டும் ஒரு மரத்தைக் காத்துவிடாது. மரத்தால் வருமானம் உண்டென்றால் அதை வெட்ட எவருக்கும் மனம் வராது. அந்த வருமானத்திற்கு ஒரு வழியாக, காண்போர் நின்று பார்க்கும்படி அமைக்கப்பட்ட பதநீர் வண்டியைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

வண்டியில் விற்பது என்ன?

வண்டியில் விற்பது பதநீர் மட்டுமன்று. ஒரு காட்சியும் அங்கே விற்பனையாகிறது. இது புதிய செய்தி அல்ல. மொராக்கோ நாட்டு மராக்கேஷ் நகரில் தண்ணீர் விற்போர் சிவப்பு உடையும், பித்தளைக் கிண்ணங்களும், கையில் மணியுமாக நிற்பர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம் தமிழ் முஸ்லிம் சகோதரர்கள் தேநீரைக் கைநீளத்திற்கு இழுத்து ஆற்றுவதைப் பார்க்கவே கூட்டம் கூடும். நம் ஊர்க் கோலி சோடாவை உடைக்கும் ஓசைக்காகவே சோடா கேட்ட சிறுவர்கள் எத்தனை பேர்!

திருச்செந்தூர் சாலையில் பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றி, அதில் நுங்கைச் சீவிப் போட்டுக் கொடுப்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே. இரு கையாலும் பட்டையை ஏந்திக் குடிக்கும்போது ஓலையின் மணமும் சேர்ந்து வருகிறது. இந்தக் காட்சியை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒழுங்குபடுத்தி அமைத்தால் போதும்.

வண்டியின் அமைப்பு

ஒரு வண்டிக்கு ஒரு கருத்து போதும். இங்கே கருத்து 'பனை'. கண்ணில் படும் ஒவ்வொரு பொருளும் பனையிலிருந்து வந்ததாக இருத்தல் வேண்டும். வண்ண விளக்கு, பிளாஸ்டிக் பூ, சினிமாப் படம் ஆகியவை வேண்டாம். அவை எல்லாக் கடையிலும் உள்ளவை.

1. ஐந்தடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள நான்கு சக்கரத் தள்ளுவண்டி போதுமானது. பழைய வண்டியையே பயன்படுத்தலாம்.

2. மேற்கூரை பனையோலையால் வேயப்படட்டும். முன்புறம் ஓரடி நீட்டி வேய்ந்தால் குடிப்பவருக்கும் நிழல் கிடைக்கும். வெயிலில் நின்று குடிப்பவர் இரண்டாவது பட்டை கேட்கமாட்டார்.

3. தட்டின் மீது மணல் பரப்பி, அதில் இரண்டு மண்பானைகளைப் பதித்து, மணலை நனைத்து வைக்க வேண்டும். பானையைச் சுற்றி ஈரச் சாக்கு இருக்கட்டும். ஈரம் உலர உலரப் பானை குளிரும். எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாத பனிக்கட்டியைப் பதநீரில் போடுதல் கூடாது.

4. பட்டை மடிக்கும் இடமும் நுங்கு சீவும் பலகையும் வண்டியின் முன்பக்கம், வாங்குவோர் மார்பு உயரத்தில் அமைதல் நலம். வேலை மறைவில் நடந்தால் காட்சி இல்லை. சுத்தத்தில் நம்பிக்கையும் இல்லை.

5. பாளை அரிவாள், கடிப்பு, கலயம், அரிவாள்பெட்டி ஆகியவற்றை ஒரு பக்கத்தில் தொங்கவிடலாம். நகரத்துப் பிள்ளைகள் அவற்றைப் பற்றிக் கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டும். அரிவாளின் வாயைக் கட்டி வைப்பது அவசியம்.

6. ஒலிபெருக்கி வேண்டாம். மலையடிவாரத்தில் அது விலங்குகளுக்கும் தொல்லை. வண்டியின் முன்கட்டையில் மாட்டின் கழுத்துச் சலங்கை ஒன்றைக் கட்டினால் போதும்.

விற்பனை நடைபெறும் முறை

ஒருவருக்குப் பதநீர் கொடுக்க இரண்டு நிமிடமாகும் என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு நிமிடமும் ஒரே ஒழுங்கில் நடைபெற வேண்டும். முதலில், வந்தவர் பார்க்கும்படி கையைக் கழுவ வேண்டும். இரண்டாவது, ஓலையை மடித்துப் பட்டை கட்ட வேண்டும். மூன்றாவது, நுங்கைச் சீவிக் கண்ணை எடுத்துப் பட்டையில் இட வேண்டும். நான்காவது, துணியில் வடித்த பதநீரை அகப்பையால் ஊற்ற வேண்டும். ஐந்தாவது, குடித்து முடித்த பட்டையை வாங்கிக் கூடையில் போட வேண்டும்.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. தேநீரை உயரத்திலிருந்து ஆற்றினால் நுரை வருவது அழகு. பதநீரில் நுரை என்பது புளிப்பின் அடையாளம். எனவே பதநீரைத் தாழ்வாக, மெதுவாக ஊற்ற வேண்டும். தெளிவாகவும் நுரையின்றியும் விழுவதே இதன் அழகு.

பேச்சும் அளவாக இருக்கட்டும். "வாங்க அண்ணாச்சி, இன்னைக்குக் காலைல எறக்குனது. சுண்ணாம்பு தெளிஞ்சிருக்கு, பாத்துக்கிடுங்க" என்று சொன்னால் போதும். 'இதைக் குடித்தால் எல்லா நோயும் தீரும்' என்று பலகை எழுத வேண்டாம். பதநீர் சர்க்கரைச் சத்து நிறைந்த பானம். நீரிழிவு உள்ளவர் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவதே நேர்மை.

நுங்கு சீவியபின் எஞ்சும் இரண்டு கூந்தல்களையும் ஒரு கவைக்கம்பையும் கொண்டு நுங்கு வண்டி செய்து குழந்தைகளுக்குக் கொடுக்கலாம். செலவு ஒன்றுமில்லை. அந்தக் குழந்தை அடுத்த முறை தந்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உங்கள் வண்டிக்கே வரும்.

காட்சியைவிட முக்கியமானது சரக்கு

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் அழகாக அலங்கரித்த பதநீர் வண்டி ஒன்றைக் கண்டேன். காலை ஒன்பது மணிக்கு நல்ல கூட்டம். பதினொரு மணிக்குப் பதநீர் புளித்துவிட்டது. அதையும் விற்றார்கள். அடுத்த வாரம் வண்டியின் பக்கம் எவரும் நிற்கவில்லை. அலங்காரம் ஒருவரை முதல்முறை அழைத்து வரும். மறுமுறை அழைத்து வருவது சுவைதான்.

பதநீர் ஏன் புளிக்கிறது? பாளையிலிருந்து வடியும் நீரில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை உண்டு. காற்றிலும் பூச்சியிலும் பழைய கலயத்தின் துளைகளிலும் உள்ள நொதிகள் இதில் விழுந்து, சில மணி நேரத்தில் சர்க்கரையைச் சாராயமாக மாற்றத் தொடங்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் நீர் காரத்தன்மை பெறுகிறது. நொதிகள் வேலை செய்ய முடிவதில்லை. இதனால்தான் ஒரே பாளையின் நீர், சுண்ணாம்பு இட்டால் பதநீர், இடாவிட்டால் கள். கள் இறக்குவதும் விற்பதும் 1987 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. ஆகவே புளித்த பதநீரை விற்பது சுவைக் கேடு மட்டுமன்று, சட்டச் சிக்கலும் ஆகும்.

கடைப்பிடிக்க வேண்டியவை:

கலயத்தை ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, புதிதாகச் சுண்ணாம்பு தடவ வேண்டும். மண், மணல் கலவாத நல்ல சிப்பிச் சுண்ணாம்பே ஏற்றது.

இறக்கிய பதநீரை நிழலில் அசையாமல் வைத்துச் சுண்ணாம்பைத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் துணியில் வடிக்க வேண்டும். சுண்ணாம்பு மிகுந்தால் நாக்கை அரிக்கும்.

பள்ளிக்கூடத்துச் சோதனைச்சாலையில் பயன்படும் லிட்மஸ் தாள் விலை குறைவானது. சிவப்புத் தாள் நீலமானால் சுண்ணாம்பு இன்னும் வேலை செய்கிறது என்று பொருள். நீலத் தாள் சிவந்தால் புளித்துவிட்டது. அதை விற்றல் கூடாது. மணிக்கு ஒருமுறை சோதிக்கலாம். வாங்குவோர் முன்னிலையிலேயே சோதித்துக் காட்டினால் அதுவும் ஒரு காட்சிதான்.

கலயத்தின் வாயை வலையால் மூடுவது அவசியம். வங்கதேசத்தில் பழந்தின்னி வௌவால்கள் வாய் வைத்த ஈச்ச மரப் பதநீரைப் பச்சையாகக் குடித்ததால் நிபா என்னும் கொடிய காய்ச்சல் பரவியது. அங்கே மூங்கில் தட்டியால் பாளையையும் கலயத்தையும் மறைக்கும் முறை பரிந்துரைக்கப்பட்டது. 2018-ல் நம் அண்டை மாநிலமான கேரளத்திலும் அந்நோய் தோன்றியது. எனவே நாமும் கவனமாக இருத்தல் நலம். வௌவால் எச்சமோ பூச்சியோ விழுந்த கலயத்து நீரைக் கொட்டிவிடுக.

தண்ணீரும் சாக்கரினும் கலப்பது தன் தொழிலைத் தானே கெடுப்பதாகும்.

வரவும் செலவும்

விலையும் கூலியும் ஊருக்கு ஊர் மாறும். கணக்குப் போடும் முறையை விளக்க ஓர் எடுத்துக்காட்டு மட்டும் தருகிறேன். உங்கள் ஊர் விலையை இட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மரத்திற்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் என்று கொண்டால் 40 லிட்டருக்குப் பதினான்கு மரம் வேண்டும். வண்டலும் சிந்தலும் 4 லிட்டர் போக 36 லிட்டர். பட்டைக்கு 300 மில்லி வீதம் 120 பட்டை. பட்டை ரூ.30 என்றால் வரவு ரூ.3,600.

செலவு: பனையேறிக்கு லிட்டருக்கு ரூ.35 வீதம் ரூ.1,400, விற்பவர் கூலி ரூ.600, ஓலை பட்டை ஒன்றுக்கு ரூ.2 வீதம் ரூ.240, நுங்கு ரூ.200, வண்டிச் சத்தம் ரூ.160, சுண்ணாம்பு, பழுது முதலியன ரூ.100. ஆகச் செலவு ரூ.2,700. மிச்சம் ரூ.900.

பாதிதான் விற்றது என்றால்? வரவு ரூ.1,800. மடிக்காத ஓலை ரூ.120 மிச்சமானாலும் ரூ.780 நட்டம். மீந்த 18 லிட்டரை நண்பகலுக்கு முன் வீட்டுக்கு அனுப்பிக் காய்ச்சினால் இரண்டு கிலோ அளவில் கருப்பட்டி கிடைக்கும். விறகுச் செலவு போக ரூ.500 கிடைத்தால் நட்டம் ரூ.280 ஆகக் குறையும். எனவே கருப்பட்டி அடுப்பு இல்லாமல் பதநீர் வண்டி தொடங்க வேண்டாம். வார நாட்களில் 15 அல்லது 20 லிட்டருக்கு மேல் கொண்டு செல்லவும் வேண்டாம்.

ஓலைக்கும் கணக்கு உண்டு. பனை மாதத்திற்கு ஏறத்தாழ ஓர் ஓலையே விடும். பதநீர் தரும் மரத்திலேயே ஓலையையும் மொட்டையடித்தால் அடுத்த ஆண்டு பதநீர் குறையும். ஓலைக்குத் தனி மரங்களை ஒதுக்குவது நல்லது.

பனையேறியின் பங்கு

பதினான்கு மரத்தையும் காலையும் மாலையும் ஏறி இறங்குபவர் பனையேறியே. கால் தவறினால் அவர் குடும்பம் தெருவில் நிற்கும். அவரை வண்டியருகே வேடம் போட்டு நிறுத்துவது முறையன்று. அவர் விரும்பினால் தொழிலைப் பற்றித் தாமே பேசட்டும், இல்லையேல் விட்டுவிடுக. மரம் உள்ளவர், பனையேறி, விற்பவர் ஆகிய மூன்று குடும்பங்களும் கூட்டாகச் சேர்ந்து, கூலி போக மிச்சத்தையும் பங்கிட்டுக்கொண்டால் தொழில் நிலைக்கும். பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்டு, இல்லையெனில் பதிவு செய்ய உதவுவது மரம் உள்ளவரின் கடமை.

இடமும் அனுமதியும்

அருவிக்குச் செல்லும் வழி களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. வனத்துறைச் சோதனைச்சாவடியைக் கடந்து வண்டியைக் கொண்டு செல்ல எண்ண வேண்டாம். அணைப் பக்கத்துச் சாலையில் இடம் பெற மணிமுத்தாறு பேரூராட்சி அலுவலகத்தை அணுகலாம். சிறிய வண்டியானாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தல் வேண்டும். பதநீர் இறக்கி விற்பதற்கான விதிகளையும் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நலம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் குவளைகளுக்கு 2019 முதல் தமிழ்நாட்டில் தடை உள்ளது. பட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை. குடித்த பட்டையை எருக்குழியில் இடலாம்.

பருவம் முடிந்த பின்

தை, மாசியில் தொடங்கும் பதநீர் ஆனியோடு பெரும்பாலும் நின்றுவிடும். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குத் திரளும் கூட்டம் வரும்போது பானை காலியாக இருக்கும். அதற்கெனக் கோடையில் காய்ச்சிய கருப்பட்டியைச் சேமித்து வைத்தால், எலுமிச்சையும் சுக்கும் ஏலமும் சேர்த்துப் பானகம் விற்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே வண்டியில் கருப்பட்டிச் சுக்குக் காப்பி விற்கலாம். பானையின் இடத்தில் அடுப்பு வரும். ஓலைக் கூரையும் சலங்கையும் அப்படியே இருக்கும்.

விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோள். முதலிலேயே கடன் வாங்கிப் புது வண்டி செய்ய வேண்டாம். இரவல் வண்டியில், ஐந்தாறு மரத்துப் பதநீருடன், நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் விற்றுப் பாருங்கள். எத்தனை பட்டை போயிற்று, எத்தனை மணிக்குக் கூட்டம் வந்தது, எவ்வளவு மீந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கணக்கு இலாபம் காட்டினால் வண்டி செய்யுங்கள். கூடவே வரப்பில் பத்துப் பனங்கொட்டைகளையும் ஊன்றுங்கள். அவை பாளை விடப் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகும் என்பது உண்மை. இன்று நாம் சீவும் பனைகளும் நமக்கு முன்னே எவரோ ஊன்றியவையே.