பூமி ஏன் மீண்டும் மீண்டும் அதிர்கின்றது?

சுமாத்திராவுக்கு மேற்கே கடலடிப் பாறைத்தட்டு ஒன்று மற்றொன்றின் கீழே மெல்ல நுழைகின்றது. இரண்டும் இறுகிப் பிடித்துக்கொள்வதால் விசை பல்லாண்டுகளாகச் சேர்கின்றது. பிடி விடும்போது பூமி அதிர்கின்றது. 2004 டிசம்பர் 26இல் ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளத்துக்குப் பிடி விட்டது. கடலடி உயர்ந்து எழுந்த அலை, சுமார் இரண்டு மணித்தியாலத்தில் எமது கிழக்குக் கரையை அடைந்தது.

நகர்ந்த பாறைகள் உடனே அடங்குவதில்லை. மாதக்கணக்கில் பின்னதிர்வுகள் தொடர்ந்தன. நாட்செல்ல அவை குறைவது வழமை. ஆயினும் 2005 மார்ச் 28இல் அயற்பகுதி 8.6 அளவில் அதிர்ந்தது. நியாஸ் தீவில் பலர் மாண்டனர்.

சிமேலு தீவினர் 1907ஆம் ஆண்டு அலையின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தனர். அதனால் 2004இல் பெரும்பாலானோர் மேட்டுக்கு ஓடித் தப்பினர்.

எமக்கோ அதிர்வு தெரியாமலே அலை வரலாம். கடல் திடீரென வற்றினால் மேட்டுக்கு ஓடுவோம். முதல் அலையோடு இறங்கோம். கரையோரத்திற் புதிதாகக் குடியேறினால், மேட்டுநிலத்துக்குப் போகும் வழியை முதலில் அறிந்துகொள்வோம்.