காணாது கொள்ளும் வயிரம்

பண்டம் கொள்வார்க்குக் கண்ணே முதற்சான்று. அரிசியை அள்ளிப் பார்ப்பர். ஆடையை விரலிடைத் தேய்த்துப் பார்ப்பர். மாடு வாங்குவோர் பல்லைப் பிடித்துப் பார்த்து, நடக்கவிட்டும் பார்ப்பர். வயிரமோ மிளகளவே ஆகிய உருவில் பல மாத ஊதியத்தை அடக்கவல்லது. அத்தகைய பொருளையும் கண்ணால் காணாது, கையால் தொடாது, கைபேசியில் தோன்றும் படத்தை நம்பிக் கொள்ளும் காலம் வந்துவிட்டது. தாம்பரம், பல்லாவரம், எம் ஊராகிய கீழ்க்கட்டளை முதலிய இப்புறநகர்களில் மாதச் சம்பளத்தில் வாழ்வோர் சிலர், பெருங்கடைகளின் விலைக்கு அஞ்சி, சூரத்து, மும்பை வணிகரிடமிருந்து இணையத்தின் வழியே உதிரிக் கல்லை வருவித்து, ஊர்ப் பொற்கொல்லரிடம் கட்டக் கொடுக்கின்றனர். இது தக்கதோ, தகாததோ? தக்கதாயின் எம்முறையில் தக்கது? இவ்வினாக்களை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

1. நம் இலக்கியம் காட்டும் சோதனை

வயிரத்தின் குணமும் குற்றமும் ஆராயும் கலை நமக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் கோவலன் மதுரை மாநகரின் மணிக்கடை வீதியைக் காண்கின்றான். ஆங்கு விற்கப்படும் வயிரம் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்னும் நான்கு குற்றங்களும் நீங்கியது என இளங்கோவடிகள் குறிக்கின்றார். காகபாதமாவது காக்கையின் காலடி போலக் கல்லினுள் தோன்றும் பிளவு, களங்கம் கறை, விந்து புள்ளி, ஏகை கீற்று. நிறத்தால் வயிரம் நால்வகைப்படும் என்பதும் அங்கே போதரும். அடியார்க்குநல்லார் தம் உரையில் இக்குற்றங்களை இன்னும் விரித்துரைப்பர். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்து மாணிக்கம் விற்ற படலமும் மணிகளின் இலக்கணத்தைத் தொகுத்துக் கூறுகின்றது.

இன்றைய மணி ஆய்வுக்கூடத்தார் தரும் சான்றிதழில் கல்லின் படம் வரைந்து, அதனுள் காணும் மாசுகளைக் குறித்துக் காட்டுவர். புள்ளி, முகில், இறகு, கீற்று என்னும் பொருள்படும் பெயர்களே அவற்றிற்கு வழங்குகின்றன. பிளவை நம்மவர் காக்கையின் கால் என்றனர். மேனாட்டார் பறவையின் இறகு என்றனர். கண்ட பொருள் ஒன்றே. வேறுபட்டது உவமை மட்டுமே.

அக்காப்பியமே பிறிதோர் உண்மையையும் உணர்த்துகின்றது. கோவலன் சிலம்பை விற்கச் சென்றது அவனை அறிந்தார் ஒருவரும் இல்லாத ஊரில். அங்கே பொற்கொல்லன் ஒருவன் சொல்லே சான்றாயிற்று. பின்னர்க் கண்ணகி சிலம்பை உடைத்தபோதுதான் அதனுள் இருந்த பரல் மாணிக்கம் என்பதும், கோப்பெருந்தேவியின் சிலம்பில் இருந்தது முத்து என்பதும் தெளிந்தன. முன்னர் நிகழ்ந்திருக்க வேண்டிய சோதனை உயிர் போன பின்னர் நிகழ்ந்தது. மணி வாணிகத்தில் தீங்கு வருவது பெரும்பாலும் கல்லினால் அன்று. சோதியாது நம்பிய சொல்லினால் என்க.

2. சென்னையும் வயிர வாணிகமும்

காணாது கொள்ளும் முறையும் முற்றிலும் புதியதென்று கருதற்க. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரேசில் நாட்டுச் சுரங்கங்கள் வெளிப்படும் வரையில், உலகிற்கு வயிரம் வழங்கியது பெரும்பாலும் நம் நாடே. கிருஷ்ணை ஆற்றங்கரையிலுள்ள கொல்லூர் முதலிய இடங்களில் எடுத்த கற்கள் சென்னைத் துறை வழியாகவும் கப்பலேறின. இலண்டனிலிருந்த யூத வணிகரும் பிறரும் மத்தியதரைக் கடற் பவளத்தையும் வெள்ளியையும் இங்கே அனுப்புவர். இங்குள்ள அவர்தம் முகவர் அவற்றை விற்று, வயிரம் வாங்கி, பொதிந்து முத்திரையிட்டு அனுப்புவர். ஜார்ஜ் டவுனிலுள்ள பவளக்காரத் தெரு அவ்வாணிகத்தின் நினைவை இன்றும் தன் பெயரில் தாங்கி நிற்கின்றது. அக்காலத்தில் கப்பல் செல்லப் பல மாதங்கள் ஆகும். இலண்டன் வணிகர் கல்லைக் கண்டு மனம் நிறையாவிடினும் திருப்பி அனுப்புதல் அரிது. முகவரின் நாணயம் ஒன்றே அவருக்குக் காப்பு.

1698 முதல் 1709 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராயிருந்த தாமஸ் பிட் என்பார், 1702-ஆம் ஆண்டையொட்டி, ஜாம்சந்து என்னும் வணிகரிடம் 410 காரட் எடையுள்ள தீட்டாத வயிரம் ஒன்றை வாங்கினார். வணிகர் முதலில் கேட்ட விலை 2,00,000 வராகன். நெடும் பேரத்தின்பின் முடிந்த விலை 48,000 வராகன். இங்கிலாந்தில் பட்டை தீட்டியபோது அக்கல் ஏறத்தாழ 140 காரட்டாகக் குறைந்தது. 1717-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அரசப் பிரதிநிதி அதனை ஏறத்தாழ 1,35,000 பவுனுக்குக் கொண்டார். பாரிசு நகரத்து லூவர் காட்சிச்சாலைக்கு உரிய ரீஜண்டு வயிரம் அதுவே. ஆயினும் பிட் அக்கல்லைத் தீய வழியில் பெற்றார் என்னும் வதந்தி அவரை விடாது தொடர்ந்தது. 1710-ஆம் ஆண்டில் அவர் பேரம் நடந்த வகையனைத்தையும் எழுதி உறுதி மொழியவேண்டியதாயிற்று. ஆளுநருக்கே எழுத்துச் சான்று இன்றியமையாதாயின், நம்மனோர்க்குச் சொல்லவும் வேண்டுமோ?

3. விலை குறைவது ஏன்?

நிற்க. இணையத்தில் கல்லின் விலை குறைந்திருத்தற்கு நேர்மையான காரணங்கள் உண்டு. கடை வாடகையும் விளக்கொளியும் அங்கில்லை. பலர் கல்லைத் தம்மிடம் வைத்திராது, தீட்டுவோரிடம் உள்ள கற்களின் பட்டியலையே காட்டி விற்கின்றனர். அதனால் முதல் முடங்குவதில்லை. உலகில் தீட்டப்படும் வயிரங்களில் மிகப் பெரும் பகுதி சூரத்து நகரிலேயே தீட்டப்படுதலின், நம் நாட்டார்க்கு அவ்வாணிகம் அண்மையிலும் உள்ளது.

கொள்வோர் தாமே விலையைக் குறைத்துக்கொள்ளும் வழிகளும் உள. ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். அதன் நூற்றிலொரு பங்கு சென்ட். எடை ஏற ஏற ஒவ்வொரு சென்ட்டின் விலையும் ஏறும். ஆதலின் 50 சென்ட் கல் ஒன்றன் விலை, அதே தரமுடைய 10 சென்ட் கற்கள் ஐந்தின் விலையினும் மிகுதி. 50, 100 என்னும் முழு எண்களில் விலை திடுமென ஏறுதலின், 48 அல்லது 95 சென்ட் கல்லைக் கொள்வோர் கண்ணுக்குப் புலனாகா வேறுபாட்டால் பொருள் மிச்சம் பிடிப்பர். பூதக்கண்ணாடிக்கு மட்டுமே தென்படும் மாசுடைய கல்லும் அணிவார்க்கு யாதொரு குறையும் செய்வதன்று.

பட்டையின் செம்மையில் மட்டும் சிக்கனம் ஆகாது. வயிரத்தின் ஒளி பட்டையினாலேயே பிறக்கின்றது. கல்லின் எடை மிகும்பொருட்டு அடிப்பகுதியை ஆழமாக விட்டுத் தீட்டுவாரும் உளர். அக்கல் தராசில் கனக்கும். விரலில் சிறுத்துத் தோன்றும். இதனை அறியும் வழி எளிது. செம்மையாகத் தீட்டிய வட்டக் கல், ஒரு காரட்டாயின் ஏறத்தாழ 6.5 மில்லிமீட்டரும், 50 சென்ட்டாயின் 5.1 மில்லிமீட்டரும், 30 சென்ட்டாயின் 4.3 மில்லிமீட்டரும், 10 சென்ட்டாயின் 3 மில்லிமீட்டரும் குறுக்களவு உடையதாயிருக்கும். இவ்வளவு சான்றிதழில் எழுதப்பட்டிருக்கும். மிகக் குறைந்திருப்பின் அக்கல்லை விடுத்தலே நன்று.

நம் பாட்டிமார் புளூ ஜாகர் என்று போற்றிய கல்லைப் பற்றியும் ஈண்டு ஒன்று கூறத்தகும். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்பான்டீன் சுரங்கத்தின் பெயரால் வழங்கிய அக்கற்கள் வெயிலில் சிறிது நீலம் வீசுவன. கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிரை ஏற்று நீல ஒளி உமிழும் இவ்வியல்பு உயர்ந்த நிறமுடைய கல்லில் இருப்பின், இன்றைய உலகச் சந்தையில் பெரும்பாலும் விலை குறையும். கல் மங்கலாகத் தோன்றாதாயின் இஃது ஒரு குறையே அன்று. தமிழகத்து மூதாட்டியர் விரும்பித் தேடியதை உலகச் சந்தை தள்ளுபடியில் தருகின்றது. அறிந்தோர் பயன் கொள்க.

4. மண்ணில் விளைந்ததும் ஆலையில் விளைந்ததும்

வயிரம் கரியின் ஓர் உருவமே என்பதை 1797-ஆம் ஆண்டில் ஸ்மித்சன் டெனன்ட் என்னும் அறிஞர் மெய்ப்பித்தார். 1954-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்டிரிக் நிறுவனத்தார் பேரழுத்தமும் பெருவெப்பமும் கொண்டு வயிரத்தை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கினர். வாயுவிலிருந்து படலம் படலமாகக் கல்லை வளர்க்கும் மற்றொரு முறையும் இன்று பரவியுள்ளது. நம் கீழ்க்கட்டளைக்குச் சில மைல் தொலைவிலுள்ள சென்னை ஐ.ஐ.டி.யிலேயே இத்தொழிலை ஆராய்தற்கு ஒரு நடுவம் அமைக்க, மத்திய அரசு 2023-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 242 கோடி ரூபாய் ஒதுக்க இசைந்தது.

ஈண்டு மூன்றைப் பிரித்தறிதல் வேண்டும். அமெரிக்கன் டயமண்ட் என வழங்கும் கல் வயிரமே அன்று. அது சிர்க்கோனியாவால் ஆகியது. திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் பலர் செயற்கைக் கற்களைத் தீட்டி நேர்மையாகப் பிழைக்கின்றனர். அக்கல்லை வயிரமென்று விற்பதே குற்றம். மாய்சனைட்டு என்பது பிறிதொரு கல். வெப்பத்தைக் கடத்தும் இயல்பால் வயிரத்தை அறியும் சிறு கருவியையும் அஃது ஏமாற்றும். ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த வயிரமோ மெய்யாகவே வயிரம். கடினத்திலும் ஒளியிலும் மண்ணின் வயிரத்தோடு ஒத்தது. வெறுங்கண்ணாலும் பூதக்கண்ணாடியாலும் வேறு பிரிக்க இயலாதது. வேறுபடுவது விலையில். அதன் விலை சென்ற சில ஆண்டுகளில் பெரிதும் வீழ்ந்தது. டி பீர்ஸ் நிறுவனத்தார் 2018-ஆம் ஆண்டில் காரட் 800 டாலர் என விலை வகுத்து லைட்பாக்ஸ் என்னும் பெயரால் இக்கல்லை விற்கத் தொடங்கி, 2025-ஆம் ஆண்டில் அவ்வணிகத்தை மூடுவதாக அறிவித்தனர். அழகிற்காக அணிவார்க்கு ஆலை வயிரம் நல்ல பேறு. ஆபத்துக் காலத்தில் விற்கலாம் என்று சேமிப்பார்க்கு அது தகாது.

எம் தெருவில் வாழும் பள்ளியாசிரியை ஒருவர், தம் மகளின் திருமண மோதிரத்திற்கென 30 சென்ட் கல் ஒன்றை இணையத்தின் வழி வருவித்தார். விளம்பரத்தில் ‘உண்மை வைரம்’ என்றிருந்தது. விலையோ வியக்கத்தக்க குறைவு. கல் வந்தவுடன் பல்லாவரத்துப் பொற்கொல்லர் ஒருவரிடம் காட்டினார். முதியவராகிய அவர் அதனை நெடுநேரம் நோக்கி, “அம்மா, கல் நல்ல கல்தான். ஆனால் பூமியில் விளைந்ததா, ஆலையில் விளைந்ததா என்பதை என் கண் சொல்லாது. அந்த எண்ணைப் பாருங்கள்” என்றார். கல்லின் இடைவிளிம்பில் ஒளிக்கதிரால் பொறித்த எண்ணைச் சான்று வழங்கிய ஆய்வுக்கூடத்தின் இணையப் பதிவில் தேடியபோது, ஆய்வுக்கூடத்தில் வளர்ந்தது எனத் தெளிவாக எழுதியிருந்தது. விற்றவர் பொய் கூறவில்லை. மெய்யை முழுதும் கூறவில்லை. ஆசிரியை ஏழு நாள் தவணைக்குள் கல்லைத் திருப்பினார், பணமும் மீண்டது. அவரைக் காத்தது கல்லைப் பற்றிய அறிவன்று, எண்ணும் தவணையுமே.

5. கொள்வோர் கடைப்பிடிக்கத்தக்கன

முதலாவது, விலைச்சீட்டிலேயே கல்லின் தோற்றம், எடை, நிறம், மாசின் தரம், சான்றிதழ் எண் ஆகிய ஐந்தும் எழுதப்பெறுதல் வேண்டும். 1931-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஜி.ஐ.ஏ., 1975-ஆம் ஆண்டில் தோன்றிய ஐ.ஜி.ஐ. முதலிய பெயர்பெற்ற ஆய்வுக்கூடங்களின் சான்றையே கொள்க. விற்பவர் தாமே அச்சிட்ட சான்று சான்றாகாது. தாள் போலியாக இருத்தலும் கூடுமாகலின், எண்ணை அவ்வாய்வுக்கூடத்தின் பதிவோடு ஒப்பிடுக.

இரண்டாவது, ஏழுகல் தோடு, மூக்குத்தி முதலியவற்றிற்கு வேண்டும் சிறு கற்களுக்குத் தனித்தனிச் சான்றிதழ் பெரும்பாலும் கிடைப்பதில்லை. சான்றின் செலவு கல்லின் விலைக்கு ஒவ்வாது. சிறு கற்களின் பொதியில் ஆலைக் கல் கலத்தல் உலகெங்கும் உள்ள இடர். ஆகவே சிறு கற்களை அறிமுகமில்லாரிடம் வாங்குவதினும், கட்டிய நகைக்குச் சான்றளிக்கும் கடையில் வாங்குதலே மேல்.

மூன்றாவது, பொதியைப் பிரிக்கும்போது முதல் முதல் இறுதி வரை கைபேசியில் இடைவிடாது படம் எடுத்துக்கொள்க. திருப்பும் தவணை முடியுமுன் கல்லைக் கட்டக் கொடுக்கலாகாது. பொன்னில் பதித்த கல்லைத் திருப்பி ஏற்பார் அரியர்.

நான்காவது, சட்டத்தின் துணையை மறவற்க. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கொள்வோர் தாம் வாழும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்கிடலாம். மும்பை செல்ல வேண்டுவதில்லை. ஐந்து இலட்சம் ரூபாய் வரையுள்ள வழக்கிற்குக் கட்டணமும் இல்லை. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, முறையீட்டை 48 மணி நேரத்துள் ஏற்றுக்கொண்டதாக அறிவித்து ஒரு மாதத்துள் தீர்த்தல் வேண்டும். விளம்பரத்தில் கூறியவாறு அமையாத பொருளை மீள ஏற்க மறுத்தலும் ஆகாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆயின், பிடிக்கவில்லை என்னும் காரணத்திற்காக மட்டும் திருப்பும் உரிமை விற்பவர் தரும் தவணையைப் பொறுத்ததேயாகலின், அதனை வாங்குமுன் படித்தறிக.

முடிவுரை

நம் குடும்பங்களில் பழையதொரு வழக்கம் உண்டு. வயிரம் வாங்குவோர் கல்லைச் சில நாள் வீட்டில் வைத்திருந்து, அது தமக்கு ஒத்துவருமோ என்று பார்த்து, ஒவ்வாதாயின் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பர். கடைக்காரரும் முகம் சுளியாது ஏற்பர். கல்லால் நன்மையும் தீமையும் வரும் என்னும் நம்பிக்கையே அவ்வழக்கத்திற்கு வேர். அந்நம்பிக்கையை ஏலாதாரும் வழக்கத்தின் பயனை மறுத்தற்கில்லை. கடையின் செயற்கை விளக்கை விட்டு வீட்டு முற்றத்து வெயிலில் கல்லை நோக்கவும், அறிந்தாரிடம் காட்டவும், செலவு தம் நிலைக்கு ஏற்றதோ என்று அமைதியாக எண்ணவும் அச்சில நாள்கள் இடந்தந்தன. இணைய வணிகர் தரும் ஏழு நாள் தவணையும் அத்தகையதே. அதனை வெறுமனே கழிய விடாது, எண்ணை ஒப்பிட்டு, குறுக்களவை அளந்து, ஆய்வுக்கூடத்தில் காட்டித் தெளிவோர்க்குக் காணாது கொண்ட வயிரமும் கண்டு கொண்ட வயிரமேயாகும். தவணை தராத வணிகரிடம், எத்துணைக் குறைந்த விலையாயினும், கொள்ளாதொழிக.