கடன் கேட்டு வரும் போன்: கொடுக்கும் முன் விசாரியுங்கள்





நம் பள்ளிகளில் ஜனாஸா தொழுகைக்கு முன்பு ஓர் அறிவிப்பு செய்வது வழக்கம். மய்யித்துக்கு யாருக்காவது கொடுக்கல் வாங்கல் இருந்தால் வாரிசுகளிடம் வந்து பெற்றுக்கொள்ளுங்கள், அல்லது அல்லாஹ்வுக்காக மன்னித்துவிடுங்கள் என்று சொல்வோம். நானும் பல ஆண்டுகளாக இதைச் சொல்லி வருகிறேன். அந்த நல்ல பழக்கத்தையே மோசடிக்காரர்கள் எப்படிப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதில் என்னுடைய தவறும் ஒன்று இருக்கிறது.

எங்கள் மஹல்லாவில் சிறிய கடை நடத்தி வந்த ஒரு சகோதரர் வஃபாத்தானார். மூத்த மகன் வெளிநாட்டில். வீட்டில் இத்தாவில் இருக்கும் மனைவியும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் மட்டும். மௌத்தாகி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அந்தச் சகோதரிக்கு ஒரு போன் வந்தது. பேசியவன் ஒரு பைனான்ஸ் கம்பெனியின் பெயரைச் சொன்னான். கணவரின் பெயர், கடை இருக்கும் தெரு, மௌத்தான நாள் எல்லாம் சரியாகச் சொன்னான். கடைக்காக வாங்கிய கடனில் முப்பத்தெட்டாயிரம் ரூபாய் பாக்கி, இன்று மாலைக்குள் கட்டாவிட்டால் போலீஸ் வீட்டுக்கு வரும் என்றான். கடைசியில், "அவரு கடனோட கப்ருல கிடக்கணும்னு நினைக்கிறீங்களாம்மா?" என்று கேட்டிருக்கிறான்.

அந்தச் சகோதரி எனக்குப் போன் செய்தார். "ஹஜ்ரத், மௌத்தானவங்க கடனை உடனே அடைக்கணும்தானே?" என்று கேட்டார். "ஆமாம்மா, அதைத் தாமதிக்கக்கூடாது" என்றேன். யாருக்குக் கடன், யார் கேட்கிறார்கள், என்ன ஆதாரம் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் வளையலை அடகு வைத்து, அவன் சொன்ன நம்பருக்குப் பணத்தை அனுப்பிவிட்டார். மகன் ஊருக்கு வந்து அந்தக் கம்பெனியின் கிளைக்கு நேரில் போய்க் கேட்டபோதுதான், அப்படி ஒரு கடனே இல்லை என்று தெரிந்தது.

நான் சொன்ன சட்டம் சரியானது. ஆனால் பாதியைத்தான் சொன்னேன். விட்டுப்போன மீதிப் பாதிதான் இன்றைய பாடம்.

கடனை அஞ்சுவது ஈமானின் அடையாளம்

கடன் சாதாரண விஷயம் அல்ல. ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, இவருக்குக் கடன் உண்டா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். மூன்று தீனார் உண்டு என்று சொல்லப்பட்டதும், உங்கள் தோழருக்கு நீங்களே தொழுங்கள் என்று கூறிவிட்டார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைத் தாம் ஏற்றுக்கொள்வதாகச் சொன்ன பிறகுதான் தொழ வைத்தார்கள். ஸலமா பின் அக்வஃ (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியில் இருக்கிறது.

சொத்துப் பங்கீட்டைச் சொல்லும்போதும், வஸிய்யத்தும் கடனும் நிறைவேறிய பிறகே வாரிசுகளுக்குப் பங்கு என்று அல்லாஹ் அந்நிஸா அத்தியாயத்தில் திரும்பத் திரும்ப நினைவூட்டுகிறான் (4:11, 12). ஆகவே அந்தச் சகோதரி பதறியது அறியாமையால் அல்ல. மார்க்கம் தெரிந்ததால்தான் பதறினார். மோசடிக்காரன் கை வைத்தது அந்த அச்சத்தின் மீதுதான்.

ஆதாரம் கேட்பதும் சுன்னத்தின் வழிதான்

ஸஅத் பின் அத்வல் (ரலி) அவர்களின் வரலாற்றைக் கவனியுங்கள். அவருடைய சகோதரர் முன்னூறு திர்ஹமையும் குடும்பத்தையும் விட்டுவிட்டு வஃபாத்தானார். அந்தப் பணத்தை அனாதையான குடும்பத்துக்குச் செலவழிக்க ஸஅத் (ரலி) நினைத்தார்கள். உம் சகோதரர் கடனால் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறார், அதை நிறைவேற்றும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அவர் போய் எல்லாக் கடனையும் கொடுத்துவிட்டு வந்து சொன்னார்: ஒரு பெண் இரண்டு தீனார் வர வேண்டும் என்கிறாள், அவளிடம் சாட்சி இல்லை, அதை மட்டும் கொடுக்கவில்லை.

நபி (ஸல்) அவர்கள் அவரைக் கண்டிக்கவில்லை. அந்தப் பெண் உண்மை சொல்கிறாள், அவளுக்கும் கொடுத்துவிடும் என்றார்கள். இது இப்னுமாஜாவில் வருகிறது.

இந்தச் சம்பவத்தில் நமக்கு இரண்டு பாடங்கள். சகோதரரின் ரூஹைப் பற்றிய கவலை இருந்தும், ஆதாரம் இல்லாத கோரிக்கையை அந்த ஸஹாபி நிறுத்தி வைத்தார். அது உண்மைதான் என்று நம்பத்தகுந்த இடத்திலிருந்து உறுதியானதும் கொடுத்தார். நிறுத்தி வைத்ததால் மய்யித்துக்குத் துரோகம் செய்தவர் ஆகவில்லை.

வெறும் கோரிக்கையை வைத்தே மக்களுக்குக் கொடுக்கப்பட்டால், பிறருடைய உயிரையும் பொருளையும் மனிதர்கள் உரிமை கொண்டாடிவிடுவார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது உண்டு. நம் ஃபுகஹாக்கள் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். இறந்தவர் மீது கடன் உண்டு என்று சாட்சியோடு வந்தவரிடமும், நான் அதை இதுவரை வசூலிக்கவுமில்லை, தள்ளுபடி செய்யவுமில்லை என்று காழி சத்தியம் வாங்க வேண்டும் என்றார்கள். ஏனென்றால் பதில் சொல்ல வேண்டியவர் கப்ரில் இருக்கிறார்.

இன்னொன்றையும் மறந்துவிடக்கூடாது. அந்த வீட்டில் இருந்த பணம் யாருடையது? அதில் பருவமடையாத பிள்ளையின் பங்கும் இருக்கிறது. அனாதையின் பொருளை அநியாயமாக உண்பது நெருப்பை உண்பது போன்றது என்று குர்ஆன் (4:10) எச்சரிக்கிறது. விசாரிக்காமல் கொடு என்று சொல்லும்போது, அந்தப் பிள்ளையின் பங்கையும் சேர்த்துத்தான் கொடுக்கச் சொல்கிறோம். இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் பயமாக இருக்கிறது.

அவனுக்கு எப்படித் தெரிந்தது?

பெயர், தெரு, மௌத்தான நாள் எல்லாம் சரியாகச் சொன்னானே, பொய்யனாக இருப்பானா என்று அந்தச் சகோதரி கேட்டார். பதில் நம் கையிலேயே இருக்கிறது. வஃபாத் செய்தியை எழுதி, தொடர்புக்கு வீட்டாரின் செல்போன் நம்பரையும் போட்டு, ஜமாஅத் வாட்ஸ்அப் குழுக்களில் நாமே பரப்புகிறோம். சுவரில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலும் விவரம் இருக்கிறது. விவரம் தெரிந்திருப்பது கடன் இருப்பதற்கு ஆதாரம் ஆகாது.

பொய்யான அழைப்பின் அடையாளங்கள்

சகோதரர்களே! மௌத் வீட்டுக்கு மட்டுமல்ல, நம்மில் யாருக்கும் இந்த அழைப்பு வரலாம். வாங்காத லோனுக்கும் வரும், அடைத்து முடித்த லோனுக்கும் வரும், மச்சானோ நண்பரோ வாங்கிய லோனுக்கும் வரும். இவற்றைக் கவனியுங்கள்:

1. அவசரப்படுத்துவான். ஒரு மணி நேரத்தில் கட்டு, போனை வைக்காதே, யாரிடமும் சொல்லாதே என்பான். நீங்கள் இன்னொருவரிடம் ஆலோசனை கேட்பதைத்தான் அவன் அஞ்சுகிறான்.

2. போலீஸ், கைது என்று மிரட்டுவான். கடனைக் கட்ட முடியாமல் போவது மட்டுமே ஒருவரைக் கைது செய்யும் குற்றம் அல்ல. அது சிவில் வழக்கு. வீடியோ காலில் வைத்தே 'டிஜிட்டல் கைது' செய்வதாகச் சொன்னால் அதுவும் பொய். அப்படி ஒன்று நம் நாட்டுச் சட்டத்தில் கிடையாது.

3. தனிநபரின் ஜிபே நம்பருக்கோ, அவன் அனுப்பும் க்யூஆர் கோடுக்கோ பணம் போடச் சொல்வான். ஓடிபி, பின் நம்பர் கேட்பான். இவற்றை எந்த வங்கியும் போனில் கேட்காது.

4. கடன் கணக்கு எண், ஒப்பந்த நகல், கிளை முகவரி கேட்டால் கோபப்படுவான், பேச்சை மாற்றுவான்.

5. போட்டோவை மாற்றி உறவினர்களுக்கு அனுப்புவேன், ஊரைக் கூட்டி அசிங்கப்படுத்துவேன் என்பான். உண்மையாகவே கடன் இருந்தாலும் இப்படி மிரட்ட யாருக்கும் உரிமை இல்லை. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் பாக்கி கேட்டுப் போன் செய்யக்கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்து பிறகு வருந்தாமல் இருக்க, அதை நன்கு விசாரித்துத் தெளிவு பெறும்படி அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் (49:6) அல்லாஹ் கட்டளையிடுகிறான். போன் விஷயத்தில் அந்த விசாரணை எப்படி நடக்க வேண்டும்?

முதலில், ஒரே ஒரு பதில் சொல்லுங்கள்: "எழுத்துல அனுப்புங்க, விசாரிச்சிட்டு நாங்களே தொடர்பு கொள்றோம்." சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுங்கள். வாக்குவாதம் வேண்டாம். ஆதார் எண், பான் எண், வங்கி விவரம் எதையும் சொல்ல வேண்டாம். 'பத்து ரூபாயாவது போடுங்க' என்றாலும் போட வேண்டாம்.

அடுத்து, அவன் கொடுத்த நம்பரில் விசாரிக்காதீர்கள். பாஸ்புக்கிலோ கடன் பத்திரத்திலோ உள்ள நம்பரில் கேளுங்கள், அல்லது கிளைக்கு நேரில் போங்கள். இத்தாவில் இருக்கும் பெண் மகனையோ சகோதரனையோ அனுப்பலாம். அனுப்ப ஆள் இல்லாவிட்டால், அவசியத் தேவைக்காகப் பகலில் அவர் வெளியே சென்றுவர மார்க்கம் அனுமதிக்கிறது. தேடி வந்தவன் வசூல் ஏஜெண்ட் என்றால், அடையாள அட்டையையும் வங்கி கொடுத்த அங்கீகாரக் கடிதத்தையும் கேளுங்கள். அவற்றை அவன் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

மூன்றாவதாக, கையெழுத்திட்ட ஒப்பந்த நகலைக் கேளுங்கள். எந்தத் தேதியில், எந்த அக்கவுண்டில் பணம் போட்டீர்கள் என்று கேளுங்கள். ஆன்லைன் கடன் என்றால், கடன் தொகை வாங்குபவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தத் தேதியில் பாஸ்புக்கில் வரவு இல்லை என்றால் விஷயம் புரிந்துவிடும். உங்கள் பெயரில் என்னென்ன கடன் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, சிபில் போன்ற நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை இலவச அறிக்கை தருகின்றன.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள், உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு ஓடிக்கொண்டே இருக்கும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. வந்த நம்பர், மெசேஜ், பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்காதீர்கள்.

வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பணம் யாரோ ஒருவருடைய வங்கிக் கணக்கு வழியாகத்தான் போகிறது. கமிஷன் தருகிறோம், உன் அக்கவுண்டையும் ஏடிஎம் கார்டையும் கொடு என்று கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். போலீஸ் முதலில் வருவது உங்கள் வீட்டுக்குத்தான். பாவத்துக்கு உதவாதீர்கள் என்ற அல்லாஹ்வின் கட்டளையும் (5:2) இருக்கிறது.

விசாரித்தபின் கடன் உண்மை என்றால்?

அப்போது சாக்குப்போக்கு கூடாது. 'ஹஜ்ரத் ஆதாரம் கேட்கச் சொன்னார்' என்று உண்மையான கடன்காரரை அலைய விட்டால், என் பேச்சைத் தவறாகப் பயன்படுத்தியவர் ஆவீர்கள். பக்கத்துக் கடைக்காரரிடம் வாங்கியது உங்களுக்கே தெரியும் என்றால், பத்திரம் இல்லாவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். இறந்தவரின் கடனை அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து அடைப்பது கடமை. சொத்து போதாதபோது வாரிசு தன் கையிலிருந்து கொடுப்பது பெரும் நன்மை, ஆனால் கட்டாயம் இல்லை. நாட்டுச் சட்டமும் வாரிசுக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு என்கிறது.

குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் (2:282). நாம் ஒவ்வொருவரும் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதி, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் காட்டி வைத்தால், நாளை நம் பெயரைச் சொல்லி எவனும் அவர்களை ஏமாற்ற முடியாது. அந்தச் சகோதரரிடம் அப்படி ஒரு நோட்டு இருந்திருந்தால், அவர் மனைவி என்னிடம் கேட்க வேண்டிய அவசியமே வந்திருக்காது.

எங்கள் பள்ளியில் ஜனாஸா அறிவிப்பை இப்போது கொஞ்சம் மாற்றியிருக்கிறோம். கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள் ஆதாரத்துடன் ஜமாஅத் அலுவலகத்துக்கு நேரில் வாருங்கள் என்று சொல்கிறோம். போனில் கேட்பவருக்கு வீட்டார் எதுவும் அனுப்ப வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். வஃபாத் செய்தியில் வீட்டுப் பெண்களின் நம்பரைப் போடுவதில்லை. அலுவலக நம்பர் மட்டும்தான். உங்கள் மஹல்லாவிலும் முத்தவல்லியிடம் பேசி இதைச் செய்யுங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் இதை உங்கள் உம்மாவுக்கும் மனைவிக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! எங்களையும் எங்களில் மரணித்தவர்களையும் கடனின் சுமையிலிருந்து விடுவிப்பாயாக! விதவைகளின், அனாதைகளின் பொருளை ஏமாற்றுக்காரர்களிடமிருந்து பாதுகாப்பாயாக! விசாரிக்காமல் நாங்கள் சொன்ன சொற்களை மன்னிப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.