பேய்க் காதலுக்கு எந்த வாசனை?

பேய் வரும், சூனியக்காரி வருவாள், ஆனால் பயமுறுத்த மாட்டார்கள். காதல் உண்டு, முடிவில் எல்லாம் சுபம். இந்த வகை ஆங்கில நாவல்களை வாசனை மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துப் படிப்பது என் மழைக்காலப் பழக்கம். காதல் கதைதானே என்று பலர் ரோஜா, வெனிலா பக்கம் போகிறார்கள். எனக்கு ஒத்து வராது. கதையே போதுமான அளவு தித்திக்கிறது. கதை நடக்கும் வீடும் ஊரும் எப்படி மணக்குமோ, அந்த வாசனையைத்தான் நான் தேடுவேன்.

எரின் ஸ்டெர்லிங்கின் ‘தி எக்ஸ் ஹெக்ஸ்’ (2021) நம்மை யோசிக்கவே விடாது. மனதை உடைத்த காதலனுக்கு விவியன் சாபம் விடும்போது அவளிடம் இருப்பதே ஒரு வாசனை மெழுகுவர்த்திதான். பெயர் ‘ஆர்ச்சர்ட் ஹேரைடு’. இதை வைத்து விட்ட சாபம் எங்கே பலிக்கப்போகிறது என்று அவள் அலட்சியமாக இருக்க, ஒன்பது வருடம் கழித்து அவன் ஊர் திரும்பும்போது அது பலித்துத் தொலைக்கிறது. ஆப்பிளும் பட்டையும் கலந்த மெழுகுவர்த்தி இதற்குக் கச்சிதம்.

ஆலிஸ் ஹாஃப்மனின் ‘பிராக்டிகல் மேஜிக்’ (1995) படிக்க லைலாக் வேண்டும். அந்த நாவலில் லைலாக் செடி ஏன் அப்படிப் பூத்துக் குலுங்குகிறது என்று தெரிந்த பிறகு, அந்த வாசனையிலேயே ஒரு குறும்பு சேர்ந்துவிடும். 1945இல் வந்த ‘தி கோஸ்ட் அண்ட் மிஸஸ் மியூர்’ கடலோர வீட்டுக் கதை; விதவைப் பெண்ணோடு வாதாடும் பேய், ஒரு கப்பல் கேப்டன். ‘கடல் காற்று’ என்று விற்பவை பெரும்பாலும் குளியல் சோப்பு மாதிரி மணக்கின்றன. நான் தேவதாரு ஏற்றுவேன், கப்பல் மரத்தின் ஞாபகத்துக்கு. இந்தியாவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த சூனியக்காரியைப் பற்றி சங்கு மந்தண்ணா 2022இல் எழுதிய நாவலுக்கு மெழுகுவர்த்தியே வேண்டாம். இஞ்சி தட்டிப் போட்ட டீ போதும்.

மல்லிகையை மட்டும் தொடாதீர்கள். நடுராத்திரியில் மல்லிகை வாசம் வந்தால் அடுத்து கொலுசுச் சத்தம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த மோகினி இதமான காதலுக்கெல்லாம் வர மாட்டாள்.

மூக்கு சீக்கிரம் பழகிவிடும். கொஞ்ச நேரத்தில் வாசனையே தெரியாது. அதற்காக இன்னொன்றை ஏற்றினால் தலைவலிதான் மிச்சம். படிக்க உட்காருவதற்கு அரை மணி முன்பே ஏற்றி, அறை மணத்ததும் மூடி போட்டு அணைத்துவிடுவேன். ஊதி அணைத்தால் கருகல் நாற்றம்தான் முந்திக்கொள்ளும். புது மெழுகுவர்த்தி என்றால், முதல் தடவை மேல் மெழுகு விளிம்புவரை உருகும்வரை எரிய விட வேண்டும். இல்லையென்றால் அடுத்தடுத்த முறையும் நடுவில் மட்டும் குழி விழும். ஒவ்வொரு முறையும் திரியை 6 மில்லிமீட்டருக்கு நறுக்கிவிட்டால் கரி படியாது. நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து எரிக்கக் கூடாது. புத்தகத்தோடு தூங்கிப்போகிற ஆளாக இருந்தால் ஏற்றவே வேண்டாம்.

நம் வீடுகளில் பெரிய எதிரி சீலிங் ஃபேன். சுடர் ஆடும், புகையும், மெழுகு ஒரு பக்கமாகவே கரையும். ஃபேனை நிறுத்த முடியாத சித்திரை, வைகாசியில் நான் தீக்குச்சியைத் தேடுவதே இல்லை. மூடியைத் திறந்து பக்கத்தில் வைத்தால் போதும்; மிச்ச வேலையைச் சென்னை வெயில் பார்த்துக்கொள்கிறது.