தாம்பூலப் பையும் கட்டுத் துணியும்

மணவிழாவுக்குச் சென்று திரும்புவோர் கையில் ஒரு பை இருப்பது நம் நாட்டு வழக்கம். அப்பையினுள் ஒரு தேங்காய், இரண்டு பழம், வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம் முதலியன இருக்கும். தேங்காயும் பழமும் வெற்றிலையும் தோட்டத்தில் விளைந்தவை. பை தறியில் நெய்யப்பட வேண்டியது. நெசவாளரும் பயிர்த்தொழில் செய்வோரும் ஒன்று சேர்ந்து தரும் பொருள்களில் தாம்பூலப் பைக்கு இணையானது வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை. ஆயினும் இன்று அந்தப் பையின் பெரும்பகுதி நம் தறியிலிருந்து வருவதில்லை. அது எங்கிருந்து வருகிறது, அதை எவ்வாறு மீண்டும் நம் தறிக்குக் கொண்டுவருவது என்பதே இப்பாடத்தின் பொருள்.

சென்ற ஆண்டு கதிர்காமத்தில், வழுதாவூர்ச் சாலையை ஒட்டிய ஒரு மண்டபத்தில் உறவினர் வீட்டுத் திருமணம். விடைபெறும்போது அழகிய பை ஒன்றைக் கொடுத்தார்கள். மணமக்கள் பெயரும் நாளும் இருபுறமும் பெரிய எழுத்தில் பொறித்திருந்தன. சாலையைக் கடப்பதற்குள் ஒரு காது அறுந்தது; தேங்காய் உருண்டோடிப் பேருந்தின் அடியில் சென்று நின்றது. வீட்டுக்கு வந்து பையின் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தேன். பாவும் இல்லை, ஊடையும் இல்லை. துணியைப் போலத் தோன்றும் பிளாஸ்டிக் அது!

இதனை அங்கத்தினர் யாவரும் அறிந்துகொள்ள வேண்டும். நெய்யாத் துணி என்று விற்கப்படும் இப்பொருள் பாலிபுரோப்பிலீன் இழைகளைச் சூட்டினால் ஒட்டிச் செய்வது. பார்வைக்குத் துணி, தன்மையில் பிளாஸ்டிக். கண்டறிவது எளிது. ஓர் இழையை உருவித் தீயில் காட்டுக. பருத்தியானால் காகிதம் எரியும் மணத்துடன் எரிந்து, விரலால் தேய்த்தால் பொடியாகும் சாம்பலாக நிற்கும். பாலிபுரோப்பிலீனானால் சுருங்கி உருகி, ஆறியபின் கெட்டியான மணியாகத் திரண்டுவிடும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை விதித்தபோது இந்த நெய்யாத் துணிப் பையையும் பட்டியலில் சேர்த்தார்கள். இந்திய அரசின் விதி, சதுர மீட்டருக்கு 60 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள இவ்வகைப் பைகளை 2021 செப்டம்பர் 30 முதல் விலக்கியது. விதி வந்தும் மணவீடுகளில் அது குறையவில்லை என்றால், அதனினும் சிறந்ததை நாம் கையில் கொண்டுபோய்க் காட்டவில்லை என்பதே காரணம்.

தமிழ்நாட்டு அரசு 2021 டிசம்பர் 23ஆம் நாள் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்னும் இயக்கத்தைத் தொடங்கிற்று. பத்து ரூபாய் நாணயத்தை இட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் மறு ஆண்டிலே சென்னைக் கோயம்பேடு சந்தையில் வைக்கப்பட்டது. ஒரு காலத்தில் மஞ்சப்பை ஏந்தி நகரத்துக்கு வந்தவனைப் பட்டிக்காட்டான் என்று திரைப்படங்களிலும் எள்ளி நகையாடியதை நினைத்தால், இது நல்ல மாற்றமே. ஆனால் ஒன்றைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். பத்து ரூபாய்ப் பைக்கு ஆலைத் துணிதான் கட்டும். அந்த விலையோடு கைத்தறியைப் போட்டியிடச் செய்வது நெசவாளியின் கூலியை அறுப்பதாகும். நாம் நெய்யவேண்டியது வேறு தரத்துப் பை.

அந்தத் தரம் எது? இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் துறை 2011இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி இவ்விஷயத்தில் நம் கண்ணைத் திறக்கத்தக்கது. பருத்தியைப் பயிரிட்டு, நூற்று, நெய்து, தைத்து ஒரு பையை உண்டாக்குவதில் வெளியாகும் கரியின் அளவு மிகுதி. ஆகவே, ஒரே முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடத் தட்பவெப்ப நிலைக்கு நல்லது என்று சொல்ல வேண்டுமானால், பருத்திப் பையை 131 முறையாவது பயன்படுத்த வேண்டும் என்று அவ்வாராய்ச்சி கணக்கிட்டது. டென்மார்க்கில் 2018இல் வேறு முறையில் கணக்கிட்டு, தட்பவெப்பத்தைப் பொறுத்தமட்டில் 52 முறை என்றார்கள். நீர், நிலம், காற்று என எல்லா விளைவுகளையும் சேர்த்துக் கொண்டால் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் சென்றது. இக்கணக்குகள் பொதுவான பருத்திப் பைக்கு உரியவை. கைத்தறியில் நெய்வதற்கு மின்சாரம் வேண்டாம் என்பது உண்மையே. ஆயினும் பருத்திச் செடி குடித்த நீரும், அதற்கு இட்ட உரமும், சாயப் பட்டறையின் கழிவும் நம் துணிக்கும் உண்டு. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

வாரம் இருமுறை கடைக்கு எடுத்துச் சென்றால் 131 முறை என்பது ஓராண்டும் மூன்று மாதமும் ஆகும். ஆகவே மணநாளன்று ஒரு தேங்காயைச் சுமந்தபின் ஆணியில் தொங்கி மக்கும் பை, எவ்வளவு நல்ல நூலில் நெய்ததாயினும் வீண். பெற்றுக்கொண்டவர் மறுநாளும் மறுவாரமும் தாமாகவே விரும்பி எடுத்துச் செல்லுமாறு அது அமைய வேண்டும். அளவு, காது, நிறம், எழுத்து ஆகிய எல்லாவற்றையும் இந்த ஒரு நோக்கத்தோடுதான் தீர்மானிக்க வேண்டும்.

முதலில் அளவு. மணவீட்டார் தேங்காய்க்கு மட்டும் போதுமான சிறு பையையே கேட்பார்கள். துணி குறையும் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் சிறு பை காய்கறிக்கு உதவாது. மிகப் பெரிதானால் தேங்காய் அடியில் தனித்துக் கிடக்கும், கொடுப்பவருக்கு மனம் குறையும். 13 அங்குல அகலம், 14½ அங்குல உயரம், 4 அங்குல அடிப்பாகம் என்பது இரண்டுக்கும் ஒத்துவரும். விழாவன்று மேற்பகுதியை ஒருமுறை மடித்து வைத்துக் கொடுக்கலாம்.

இவ்வளவுக்குத் துணி வெட்டும் விதம்: 36 அங்குல அகலத் துணியில் ஒரு கெஜம் எடுத்து, பாவு ஓடும் போக்கிலே இரண்டாகப் பிளக்க, 18 அங்குல அகலமும் 36 அங்குல நீளமும் உள்ள இரு துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒரு பை. துண்டை நீளவாக்கில் இரண்டாக மடித்து, பக்கங்களை அரை அங்குலம் விட்டுத் தைத்தால் 17 அங்குல அகலம் நிற்கும். அடியின் இரு மூலைகளையும் முக்கோணமாக இழுத்து 4 அங்குலத்தில் குறுக்கே தைத்துவிட்டால், அகலத்தில் 4 அங்குலமும் உயரத்தில் 2 அங்குலமும் அடிப்பாகத்துக்குச் சென்று, பை தரையில் நிமிர்ந்து நிற்கும். வாய்ப்புறத்தில் மடிப்புக்கு ஒன்றரை அங்குலம். ஒரு பக்கத்தில் துணியின் கரையே இருப்பதால் பிரியாது. வெட்டிய பக்கத்தை மட்டும் உள்ளும் புறமுமாக இருமுறை தைக்க வேண்டும். காதுகளுக்கு, துணியின் குறுக்கே 4 அங்குலப் பட்டை இரண்டு வெட்டி, ஒவ்வொன்றையும் நடுவில் அறுத்தால் 18 அங்குல நீளத்தில் நான்கு காதுகள். பட்டையை நாலாக மடித்துத் தைத்தால் ஓர் அங்குல அகலத்தில் கனத்த காது அமையும். ஆக, இரண்டு பைக்கு 44 அங்குலத் துணி. பத்துப் பைக்கு 220 அங்குலம், அதாவது ஏறக்குறைய 5.6 மீட்டர். வெட்டும் கழிவு அநேகமாக ஒன்றுமில்லை.

இவையெல்லாம் நனைத்த துணிக்குச் சொன்ன அளவுகள். தறியிலிருந்து இறங்கிய துணியைக் கஞ்சி போக ஓர் இரவு ஊறவைத்து உலர்த்திய பிறகே அளந்து வெட்ட வேண்டும். அவசரத்தில் இதைச் செய்யாமல் விட்டால் முதல் வெளுப்பிலேயே பை கோணிக்கொள்ளும். பழி நெசவின்மேல் வரும்.

என் கையில் அறுந்த பையைப் போல எந்தப் பையும் முதலில் காதின் அடியிலேதான் விடுகிறது. காதின் நுனி வாய் மடிப்பினுள் ஒன்றரை அங்குலம் புதைந்து, சதுரமாகத் தைத்து, அச்சதுரத்தின் நடுவே பெருக்கல் குறிபோலக் குறுக்கும் நெடுக்கும் ஓட்ட வேண்டும். இதற்கு ஒரு பைக்குச் சில நிமிடம் கூடுதலாகும். தையற்காரர் முணுமுணுப்பார், விட்டுக்கொடுக்கலாகாது.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சப்பை என்றதும் மஞ்சள் கிழங்கிலேயே சாயமிட வேண்டும் என்று சிலர் கருதுகின்றனர். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் சிவந்து ஆரத்தி ஆவதை நாம் கண்டிருக்கிறோம். சோப்பிலுள்ள காரமும் அதையே செய்யும். முதல் வெளுப்பில் பை செம்மை தட்டும். வெயிலிலோ நாளடைவில் வெளுத்தும் போகும். மங்கலத்துக்கு மூலையில் மஞ்சள் தடவுவது வேறு. நாட்பட உழைக்க வேண்டிய சாயம் வேறு. மேலும் நம் புதுச்சேரிக்கு நீலமும் உரிய நிறமே. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கிருந்து அவுரிச் சாயமிட்ட நீலத் துணி ‘கினே’ என்னும் பெயரோடு பிரெஞ்சு வணிகர் வழியே மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்றது. செனெகல் ஆற்றங்கரையில் கருவேலம் பிசின் வாங்க அத்துணியே பணம்போல வழங்கிற்று. நீலப் பையில் சிறு மஞ்சள் கரை இட்டால் மணவீட்டார் மறுக்கமாட்டார்கள் என்பது என் எண்ணம். ஆனால் அவுரி நீலம் உராய்ந்தால் வெள்ளை வேட்டியில் ஒட்டும்; நீர் தெளியும்வரை அலசிய பிறகே தைக்கக் கொடுக்க வேண்டும்.

எழுத்து விஷயத்தில் நான் சற்றுப் பிடிவாதக்காரன். மணமக்கள் பெயரைப் பை முழுவதும் பொறிப்பதே அது மறுமுறை வெளியே வராததற்குப் பெருங்காரணம். முன்பின் அறியாத ஒருவருடைய திருமணத்தை விளம்பரம் செய்துகொண்டு எவர் சந்தைக்குப் போவார்? பெயரையும் நாளையும் வாய் மடிப்பின் உட்புறத்தில் சிறு துணிச் சீட்டாகத் தைத்துவிடலாம். பையைத் திறக்குந்தோறும் வீட்டார் காண்பார்கள், தெருவார் காணவேண்டியதில்லை.

இனித் தோட்டக்காரர் பங்கு. வாழைக்கறை துணியில் பட்டால் போகாது என்பது அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கறைபட்ட பையைப் பெண்டிர் மறுமுறை தொடமாட்டார்கள். ஆகவே பழத்தைச் சீப்பிலிருந்து பிரித்தபின் காம்பில் பால் வடிந்து உலரும்வரை வைத்திருந்து அனுப்ப வேண்டும். ஈர வெற்றிலையை வாழைச் சருகில் பொதிந்து நாரினால் கட்டிக் கொடுத்தால் பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், பையும் நனையாது. சருகும் நாரும் இன்று எருக்குழிக்குப் போகின்றன. கட்டுக்கு இவ்வளவு என்று சங்கத்தின் வழியே விலை வைத்து வாங்கலாம்.

பை ஒரு வகை. கட்டுத் துணி மற்றொரு வகை. ஜப்பானியர் ‘ஃபுரோஷிகி’ என்னும் சதுரத் துணியில் பரிசுப் பொருளைக் கட்டிக் கொடுப்பார்கள். பொது வெந்நீர்ச் சாலைகளில் உடையை மூட்டை கட்டியதிலிருந்து வந்த பெயர் அது. 2006இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சர் யுரிகோ கொய்கே, பழைய பிளாஸ்டிக் புட்டிகளின் இழையில் அத்துணியைச் செய்வித்து, பழைய வழக்கத்துக்குப் புத்துயிர் ஊட்ட முயன்றார். கொரியாவிலும் ‘போஜாகி’ என்று இதுபோல் உண்டு. நமக்கும் இது புதிதன்று. கட்டுச்சோற்று மூட்டையும் முந்தானை முடிச்சும் நம்முடையவைதாமே! இன்று வரிசைத் தட்டுகளின்மேல் சுற்றும் கண்ணாடித் தாள் அன்றிரவே குப்பைக்குப் போகிறது. அதன் இடத்தில் 36 அங்குலச் சதுரத் துணி போதும். துணியின் பக்கம், பெட்டியின் பக்கத்தைப்போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே 12 அங்குலச் சேலைப் பெட்டி வரை இதில் அடங்கும். தறியின் அகலமே சதுரத்தின் பக்கமானால் இருபுறமும் கரை இருக்கும். மற்ற இருபுறம் மட்டும் மடித்துத் தைத்தால் போதும்.

கட்டும் முறை: துணியின் மையத்தில் பெட்டியை மூலைவாட்டமாக வைத்து, எதிரெதிர் மூலைகள் இரண்டைப் பெட்டிமேல் மடித்து, எஞ்சிய இரண்டையும் முடிச்சிட வேண்டும். முதலில் இடதை வலதின்மேல், பிறகு வலதை இடதின்மேல். இரண்டு முறையும் ஒரே பக்கமாகச் சுற்றினால் நுனிகள் குறுக்கே விறைத்து நிற்கும். அந்த முடிச்சு நழுவும். சரியான முடிச்சில் நுனிகள் துணியின் போக்கிலேயே படிந்திருக்கும். அவிழ்ப்பதற்கு ஒரு நுனியை நேராக எதிர்ப்புறம் இழுத்தால், மற்றது அதன்மேல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும், நகம் நோகாது.

பெண்களுக்குத் தாம்பூலத்தோடு ரவிக்கைத் துணி கொடுப்பது நம் வழக்கம். அத்துணி மட்டமாக இருப்பதால் எவரும் தைத்துக்கொள்ளாமல் வீட்டுக்கு வீடு கைமாறிச் சுற்றிக்கொண்டேயிருக்கும். நல்ல நூலில் நெய்த ரவிக்கைத் துணியையே கட்டுத் துணியாக்கினால் உறைக்கென்று தனிச்செலவே இல்லை. அவிழ்த்தவர் தைத்து உடுத்திக்கொள்வார். ஆண்களுக்குத் துண்டு அவ்வாறே உதவும். செட்டிநாட்டில் பனையோலைக் கொட்டானில் பொருள் வைத்துக் கொடுப்பதும் இந்த முறையைச் சார்ந்ததுதான். வரிசைத் தட்டுக்கான பெரிய துணிகளை விற்காமல், முன்பணம் பெற்றுக்கொண்டு சங்கமே வாடகைக்குக் கொடுக்கலாம். பக்கத்து வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பாமல் சிறிது சர்க்கரையேனும் இட்டு அனுப்பும் நம்மவர்க்கு, துணியைத் திருப்பித் தருவது கடினமாகாது.

மடித்தால் கைக்குள் அடங்கும் பைக்கு முன்மாதிரி வேண்டுவோர் ஆரோவில்லில் உபாசனா வடிவமைப்பு நிலையம் செய்த ‘ஸ்மால் ஸ்டெப்ஸ்’ பையைப் பார்த்து வரலாம்; பை தன் சிறு உறைக்குள் தானே புகுந்துகொள்ளும். தையலில் விழும் பருத்தித் துணுக்குகளை நிறவாரியாகப் பிரித்து வைத்தால், புதுச்சேரியில் 1959 முதல் கைக்காகிதம் செய்துவரும் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் தொழிற்கூடம் போன்ற இடங்களில் கந்தைக்குப் பயன் உண்டு.

முதலில் பத்துப் பைகள் மட்டும் தைத்து, ஒவ்வொன்றிலும் ஆறு கிலோ அரிசி இட்டு ஓர் இரவு ஆணியில் தொங்கவிடுக. காலையில் காதின் அடித்தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஊசித்துளைகள் நீண்டிருந்தால் நெருக்கமான அச்சில் மறுபடி நெய்து பார்த்த பிறகே மணவீட்டாரிடம் முன்பணம் வாங்கலாம்.