அக்செஸ்: பாக்கி வீடுகளைக் கண்டுபிடிப்பது எப்படி?

இரண்டு டேபிள்களிலும் பொதுவாக உள்ள ரெக்கார்டுகளை எடுக்கப் பலரும் கற்றுக் கொள்கிறார்கள். ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாதவற்றை எடுப்பதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆனால் அன்றாட வேலையில் இதற்குத்தான் தேவை அதிகம்.

எங்கள் குடியிருப்பின் பராமரிப்புக் கட்டணக் கணக்கை நான் அக்செஸில் வைத்திருக்கிறேன். 'வீடுகள்' டேபிளில் 120 வீடுகள். 'ரசீதுகள்' டேபிளில் வீட்டு எண், மாதம், தொகை. ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி பாக்கிப் பட்டியலை லிஃப்ட் அருகே ஒட்ட வேண்டும். பணம் கட்டியவரின் வீட்டு எண் அதில் வந்துவிட்டால் சும்மா விடுவாரா?

கிரியேட் டேப்பில் க்வெரி விஸார்ட் கிளிக் செய்து, 'ஃபைண்ட் அன்மேட்ச்டு க்வெரி விஸார்ட்' தேர்ந்தெடுங்கள். முதல் விண்டோவில் எந்த டேபிளின் ரெக்கார்டுகள் விடையாக வர வேண்டுமோ அதைத் தர வேண்டும், இங்கு 'வீடுகள்'. அடுத்ததில் ஒப்பிட வேண்டிய 'ரசீதுகள்'. மூன்றாவதில் இரு பக்கமும் வீட்டு எண் பீல்டைத் தேர்ந்தெடுத்து, நடுவில் உள்ள இருபக்க அம்புக்குறி பட்டனை அழுத்துங்கள். (பெயரை வைத்துப் பொருத்த வேண்டாம். 'கே. முருகன்' ஒரு டேபிளிலும் 'முருகன் கே.' மற்றதிலும் இருந்தால் அக்செஸுக்கு அவர்கள் இரண்டு பேர்.) பின் காட்ட வேண்டிய பீல்டுகளைத் தந்து பினிஷ் செய்தால் பட்டியல் கிடைக்கும்.

ஆனால் இது நமக்கு வேண்டிய பட்டியல் அல்ல. இதுவரை ஒரு மாதம்கூடக் கட்டாதவர்கள்தான் இதில் வருவார்கள். ஏப்ரலில் கட்டி மே மாதம் கட்டாதவர், ஏப்ரல் ரசீது பொருந்திவிடுவதால் தப்பித்துவிடுவார். சரி என்று டிசைன் வியூ சென்று, மாதம் பீல்டின் கிரைடீரியாவில் 'மே 2025' என்று தந்தால் பட்டியல் காலியாக வரும். காரணம், ஜோடி இல்லாத வீட்டிற்கு ரசீதுப் பக்கம் முழுவதும் வெற்று. வீட்டு எண்ணே இல்லாத இடத்தில் மாதம் மட்டும் எப்படி இருக்கும்?

எனவே முதலில் மே 2025 ரசீதுகளை மட்டும் தனி க்வெரியாக எடுத்து, 'மே ரசீதுகள்' என சேவ் செய்யுங்கள். பிறகு விஸார்டின் இரண்டாவது விண்டோவில் 'க்வெரிஸ்' என்பதை கிளிக் செய்து அதைத் தாருங்கள். முதலில் வடிகட்ட வேண்டும். அப்புறம்தான் கழிக்க வேண்டும். எஸ்.க்யூ.எல். எழுதுபவர்களுக்கும் இதே முறைதான். 'நாட் இன்' பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: ஒரே ஒரு ரசீதில் வீட்டு எண் வெற்றாக இருந்தாலும் விடை முழுவதும் காலியாகிவிடும்.

பட்டியல் வந்ததும் உடனே பிரிண்ட் எடுக்க வேண்டாம். மே மாதம் 103 வீடுகள் கட்டியிருந்தன, வீட்டிற்கு ஒரு ரசீது. அப்படியானால் பாக்கி 17 தானே? க்வெரி 19 காட்டியது. இந்த இடத்தில் விஸார்டைத் திருப்பிப் போட வேண்டும்: முதலில் 'மே ரசீதுகள்', இரண்டாவதாக 'வீடுகள்'. வீடே இல்லாத இரண்டு ரசீதுகள் வந்து நின்றன. ஒன்றில் 'பி-12' என்பதற்குப் பதில் 'பி12'. மற்றொன்று 'சி-24', சி பிளாக்கில் இருப்பதே 20 வீடுகள். ரசீதுப் புத்தகத்தைப் பார்த்துத் திருத்தியதும் 17 ஆனது.

இது மீண்டும் நடக்காமல் இருக்க, ரிலேஷன்ஷிப்ஸ் விண்டோவில் இரு டேபிள்களையும் வீட்டு எண்ணால் இணைத்து, 'என்ஃபோர்ஸ் ரெஃபரென்ஷியல் இன்டெக்ரிட்டி' என்பதில் டிக் செய்துவிடுங்கள். ('வீடுகள்' டேபிளில் வீட்டு எண் பிரைமரி கீயாக இருக்க வேண்டும்.) இல்லாத எண்ணை அக்செஸ் ஏற்காது. தவறான ரசீதுகள் ஏற்கெனவே இருந்தால் இந்த டிக்கையும் ஏற்காது. அவற்றை முதலில் சரி செய்ய வேண்டும்.

'ஏ-4' ரசீதை 'ஏ-14' என்று பதிந்திருந்தால் மட்டும் இந்த வழிகள் உதவாது. இரண்டும் உண்மையான வீடுகள். அதற்கு, 'மே ரசீதுகள்' மீது 'ஃபைண்ட் டூப்ளிகேட்ஸ் க்வெரி விஸார்ட்' இயக்கி, ஒரே வீட்டிற்கு இரண்டு ரசீது உள்ளதா என்று பாருங்கள்.