அந்த அடையைக் கொளுத்த வேண்டாம்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கம் உங்கள் அடுக்குமாடி வீட்டில், ஐந்தாம் மாடி சன்ஷேடுக்கு அடியில் கார்த்திகை மாதம் வந்து ஒட்டிய தேனடை இன்றைக்கு முறத்தைவிடப் பெரிதாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆள் பிடித்து ராத்திரியில் தீப்பந்தம் காட்டிக் கொளுத்திவிடலாம் என்று அசோசியேஷனில் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடிவாகுமாம். மொட்டைமாடியில் காயப்போட்ட வேட்டியிலும் கார் கண்ணாடியிலும் மஞ்சள் மஞ்சளாகப் புள்ளி விழுகிறதே, அது விஷமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் காளிகாட்டில் இருப்பவன். நடந்து வந்து நேரிலேயே சொல்லிவிடலாம்தான். ஆனால் குளிர் தொடங்கினால் இந்த ஊரில் எத்தனையோ கட்டிடங்களில் இதே பேச்சு எழுகிறது. ஆகவே எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொளுத்த வேண்டாம். உங்கள் சன்ஷேடில் இருப்பவை வழிப்போக்கர்கள். பூ இருக்கும்வரை இருந்துவிட்டு, கட்டிய அடையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பிவிடும். யாரும் விரட்ட வேண்டியதில்லை.

அது மலைத்தேனீ. நீலகிரியில் குறும்பர்கள் கயிற்றில் தொங்கிப் பாறை இடுக்கிலிருந்து தேன் எடுக்கிறார்களே, அதே சாதி. மார்த்தாண்டத்தில் பெட்டியில் வளர்ப்பது வேறு. அந்த அடுக்குத் தேனீ இருட்டுப் பொந்துக்குள் வரிசையாகப் பல அடை கட்டும், அதனால் பெட்டிக்கும் இணங்கும். மலைத்தேனீ கட்டுவது ஒரே அடை, அதுவும் வெட்டவெளியில். 1880-களின் தொடக்கத்தில் பிராங்க் பென்டன் என்ற அமெரிக்கர் இதை மேற்கே கொண்டுபோய் வளர்க்க ஆசைப்பட்டு இலங்கை வரை வந்து பிடித்துப் பார்த்தார்; நடக்கவில்லை. இன்றுவரை யாரும் இதை வளர்ப்புத் தேனீயாக்கியதில்லை. அதற்குப் பாறை வேண்டும், இல்லாவிட்டால் உயர்ந்த மரம். இரண்டும் கிடைக்காத இடத்தில் கொல்கத்தாவின் சன்ஷேடும் தண்ணீர்த் தொட்டியின் அடிப்பாகமும் அதற்குப் போதும்.

நீங்கள் கருப்பாகப் பார்ப்பது அடையே இல்லை. ஒன்றின் காலை ஒன்று பற்றிக்கொண்டு பல அடுக்காகத் தொங்கும் தேனீக்கள்தான் அப்படித் தெரிகின்றன. அடை அதற்குள்ளே இருக்கிறது. அந்தத் திரைதான் அதற்குச் சுவர், கூரை எல்லாம். உள்ளே புழுக்கள் வளரும் அறைகளை 33, 34 டிகிரி சூட்டில் வைத்திருப்பதும் அதுவே. மார்கழிக் குளிரில் திரை இறுகும், பங்குனி வெயிலில் நெகிழும். அடையின் மேல் ஓரத்தில் ஒரு பக்கமாகப் பருத்துத் தெரியும் இடம் தேன் இருக்கும் இடம். கீழ்ப்பக்கம் எப்போதும் சலசலவென்று இருக்கிற பகுதி வாசல் மாதிரி. வெளியே போய் வருபவை அங்கேதான் இறங்கும், அங்கேதான் ஆடும்.

ஆட்டம் என்றால் நிஜமாகவே ஆட்டம்தான். பூ எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்பதை வயிற்றை ஆட்டியபடி நேர்கோட்டில் ஓடிக் காட்டும். ஓடும் நேரம் தூரத்தைச் சொல்லும். கோட்டின் சாய்வு சூரியனிலிருந்து எத்தனை பாகை விலக வேண்டும் என்பதைச் சொல்லும். இதைக் கண்டறிந்த கார்ல் வான் பிரிஷ் 1973-இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டவர் 1950-களில் இலங்கைக்கு வந்து நம் பக்கத்துத் தேனீக்களின் ஆட்டத்தை ஒப்பிட்டுப் பார்த்தார். சின்னக் கொம்புத்தேனீ அடையின் தட்டையான உச்சியில் நின்று, பூ இருக்கும் பக்கமாகவே ஓடிக் காட்டுகிறது. மலைத்தேனீயோ செங்குத்தான அடையில் ஆடுவதால், மேலே என்றால் சூரியன் பக்கம் என்று மாற்றிப் பொருள் கொள்ள வேண்டும். ராத்திரியிலும் இது நடக்கும். நிலா வெளிச்சம் போதுமான அளவு இருந்தால் மலைத்தேனீ பூவுக்குப் போய்வரும். அப்போது ஆடும் ஆட்டத்தின் கணக்கும் நிலாவை வைத்து இல்லையாம். அடிவானத்துக்குக் கீழே போய்விட்ட சூரியனை வைத்துத்தானாம். கண்ணுக்குத் தெரியாத சூரியன் இந்நேரம் எங்கே இருக்கும் என்பதை ஒரு பூச்சி கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து பௌர்ணமி இரவுகளில் எனக்கு இந்த நினைப்பு வராமல் இருந்ததில்லை.

மஞ்சள் புள்ளிக்கு வருகிறேன். அது தேனீயின் மலம். மலைத்தேனீக்கள் நேரம் பார்த்து நூற்றுக்கணக்கில் ஒன்றாகக் கிளம்பி வட்டமடித்து, கழித்துவிட்டு வரும். அடைக்குக் கீழே அசுத்தம் சேராது. உடம்புச் சூட்டைக் குறைத்துக்கொள்ளவும் இது உதவுகிறது என்று ஒரு கருத்து உண்டு. அந்தப் புள்ளியில் இருப்பதெல்லாம் சத்து உறிஞ்சப்பட்ட மகரந்தத்தின் கூடுகள். வேட்டியை நனைத்துத் துவைத்தால் சரி, பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் இதே புள்ளி இரண்டு பெரிய நாடுகளுக்கு நடுவே சண்டையைக் கிளப்பியிருக்கிறது. 1981 செப்டம்பரில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் ஹேக், லாவோஸிலும் கம்போடியாவிலும் சோவியத் தரப்பு கொடுத்த பூஞ்சை நஞ்சு வானிலிருந்து தெளிக்கப்படுகிறது என்று பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். ‘மஞ்சள் மழை’ என்று உலகமே பேசியது. இலைகளில் படிந்திருந்த மஞ்சள் புள்ளிகளை ஹார்வர்டின் மேத்யூ மெசல்சன் ஆராய்ந்தார். எல்லாம் மகரந்தம். தேனீ அறிஞர் தாமஸ் சீலியுடன் 1984-இல் தாய்லாந்துக்குப் போனார். மலைத்தேனீ அடைகளுக்குப் பக்கத்தில் நின்றபோது அதே மஞ்சள் மழை அவர்கள் மேலேயே பெய்தது. லாவோஸின் மலைமக்கள் போரில் பட்ட துன்பம் உண்மை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தப் புள்ளிகளைத் தந்தது மட்டும் தேனீ.

இதில் நமக்குப் பக்கத்திலேயே ஒரு கதை உண்டு. 2002 ஜூனில் நம் மேற்கு வங்கத்துச் சங்ராம்பூரில் மஞ்சள் பச்சையாக மழை பெய்தது. ரசாயன ஆயுதம் என்று ஊரே கலங்கிப்போனது. சோதித்துப் பார்த்தால் மாம்பூ, தென்னம்பூ மகரந்தம் கலந்த தேனீ மலம். பெருங்கூட்டமாக இடம் பெயர்ந்த மலைத்தேனீக்கள் ஊருக்கு மேலே போயிருக்கின்றன. உங்கள் கட்டிடத்தில் யாராவது அந்தப் புள்ளியைக் காட்டிப் பயமுறுத்தினால் இந்தச் சங்ராம்பூர்க் கதையைச் சொல்லுங்கள்.

கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே நின்றபடி ஒன்றைப் பார்க்க முடியும், பாருங்கள். பெரிய குளவி ஒன்று அடைக்கு அருகே வந்தால் அடையின் மேல் அலை ஒன்று சுழன்று பரவும். நூற்றுக்கணக்கான தேனீக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வயிற்றைத் தூக்கித் தூக்கி இறக்குவதால் வருகிற அலை அது. ஒரு நொடிக்குள் அடை முழுக்க ஓடிவிடும். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரால்ட் காஸ்ட்பெர்கர் குழு இதை நேபாளத்தில் படம் பிடித்து, 2008-இல் வெளியிட்டது. அலை பெரிதானால் குளவி விலகிப் போகிறது. அடையின் மேல் இரை தேட அதற்குத் துணிவு வருவதில்லை. ஒரு கொடுக்குக்கூடச் செலவாகாமல் காவல் நடக்கிறது.

அந்திக்குப் பிறகு கொஞ்ச நேரம் அடையில் கலகலப்பு கூடுவதையும் கவனித்திருப்பீர்கள். ஆண் தேனீக்கள் கிளம்பும் நேரம் அது. கொம்புத்தேனீயின் ஆண்கள் நண்பகலை ஒட்டிப் பறக்கும், அடுக்குத் தேனீயின் ஆண்கள் சாயங்காலம். மலைத்தேனீயின் ஆண்கள் சூரியன் மறைந்தபின்தான் வெளியே வரும். இலங்கையில் தேனீ அறிஞர்களான கோனிகர் தம்பதியர் இந்த நேரக்கணக்கைக் குறித்து வைத்தார்கள். மூன்று சாதிக்கும் ராணிகளின் மண வாசனை ஏறக்குறைய ஒன்றே; நேரத்தைப் பிரித்துக்கொண்டதால்தான் குழப்பம் இல்லை. அந்த ஆண் தேனீக்குத் தகப்பன் கிடையாது. ராணி கருவுறாமல் இடும் முட்டையிலிருந்து வந்தது அது. தாய்வழித் தாத்தா மட்டும் உண்டு.

இவ்வளவும் எழுதுவதற்குக் காரணம், அது தங்க வந்ததா, போக வந்ததா என்ற கேள்விதான். வங்கத்தில் குளிர்காலம் கடுகு பூக்கும் காலம். அது முடிந்து பங்குனி வாக்கில் சுந்தரவனத்தில் கல்சி என்ற அலையாத்தி மரம் பூக்கும். அதன் தேன்தான் அங்கே முதல் தேன், விலையும் அதற்குத்தான் அதிகம். பிறகு கரான், கேவ்ரா என்று பூ மாறிக்கொண்டே போகும். தேனீக்களும் அந்தப் பூக்களைத் தேடி அங்கே போகும்; மழை பிடிக்கும்போது அங்கிருந்தும் கிளம்பிவிடும். பூவைத் தொடர்ந்து போகும் இந்தப் பயணத்தில் ஒரே கூட்டம் நூறு கிலோமீட்டருக்கு மேலும் போகலாம், வழியில் மரக்கிளைகளில் தங்கிப் போகும். கிளம்புவதற்குச் சில நாள் முன்பே அடையில் ஆட்டத்தின் பாணி மாறிவிடுகிறது. பூவைக் காட்டும் ஆட்டங்களைவிட மிக நீண்ட தூரத்தைச் சொல்லும் ஆட்டங்கள் தொடங்கும். முட்டை இடுவது நிற்கும். சேர்த்த தேனைக் குடித்துத் தீர்க்கும். இதில் இன்னொரு லாபமும் உண்டு: புழுவைத் தின்று வாழும் ஒரு வகை உண்ணி மலைத்தேனீயைப் பிடித்திருக்கும். புழு இல்லாமல் சில நாளுக்கு மேல் அதனால் உயிர் வாழ முடியாது. அடையைக் கைவிட்டுப் பறக்கும் பயணமே கூட்டத்துக்கு மருந்தாகிறது.

அசாமில் செய்த ஒரு மரபணு ஆய்வை மட்டும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2000-இல் நேச்சர் இதழில் வந்தது. மரத்தை விட்டுப் போன கூட்டங்கள் மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தன. வந்த ராணி போன அதே ராணி, பிடித்த இடமும் அதே இடம். பாதை அறிந்து பறக்கிற வேலைக்காரத் தேனீக்கு ஆயுள் குறைவு. ராணிக்கு ஆயுள் நீளம். ஆனால் அது வழிகாட்டிப் பறப்பதே இல்லை. அப்படியிருந்தும் வந்து சேர்கிறது. எப்படி என்ற கேள்விக்கு அந்த ஆய்வில் விடை கிடைக்கவில்லை.

சுந்தரவனத்தில் இந்த அடையிலிருந்து தேன் எடுக்கிறவர்களை மௌலேக்கள் என்பார்கள். வனத்துறையிடம் அனுமதி பெற்று, வனதேவதை போன்பீபியைக் கும்பிட்டுவிட்டு, புலி நடமாடும் சேற்றில் இறங்குவார்கள். ஹெந்தால் ஓலையைக் கட்டி மூட்டிய புகையால் தேனீக்களை ஒதுக்கி, தேன் பகுதியை மட்டும் அறுத்துக்கொள்வார்கள். புழு இருக்கும் பகுதியை விட்டுவிடுவார்கள், விட்டால்தான் அதே அடை மறுபடி நிரம்பும். அந்தத் தேனுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உங்கள் சன்ஷேடில் கொளுத்தப்போவது அங்கே போக வேண்டிய கூட்டமாக இருக்கலாம்.

கொட்டும் அபாயத்தை நான் சின்னதாக்கவில்லை. மலைத்தேனீ கூட்டமாகக் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. ஆனால் கொட்டுவது கூட்டைக் காக்கத்தான். காளிகாட் கோயிலுக்குப் போகும் சந்தில் பேடாக் கடைகளைப் பாருங்கள். அடுக்கிய பேடா மேல் தேனீ மொய்க்கும். கடைக்காரர் விரட்டுவதில்லை, பக்கத்தில் மெல்ல விரலை விட்டு, தேனீ உட்காராத பேடாவாக எடுத்து இலையில் வைத்துத் தருகிறார். கூட்டை விட்டுத் தள்ளி வந்த தேனீ, நசுக்கினால் ஒழியக் கொட்டாது. கூட்டருகே நிலைமை வேறு. ஒன்று கொட்டினால் கொடுக்கிலிருந்து வாழைப்பழம் போல ஒரு வாசனை கிளம்பும், அது மற்றவற்றுக்கு அழைப்பு. ஒரு தரம் கிளம்பிவிட்டால் மலைத்தேனீ வெகுதூரம் துரத்தும். தீப்பந்தம் வைக்கும் ராத்திரியில் இதுதான் நடக்கும். சிறகு கருகியவை கீழே விழுந்து ஊரும். தப்பியவை வெளிச்சம் தெரியும் ஜன்னல் எல்லாம் வந்து மோதும். மருந்தடித்தாலும் நஞ்சு கலந்த தேன் சன்ஷேடிலிருந்து நாள்கணக்கில் சொட்டும்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இவ்வளவு கேளுங்கள். அடைக்கு நேரே உள்ள ஜன்னலைப் பூவெல்லாம் தீரும்வரை சாத்தி வைக்கச் சொல்லுங்கள். ராத்திரி அந்தப் பக்கத்து டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், திரை போடுங்கள். வெளிச்சத்துக்குத்தான் அவை வீட்டுக்குள் வருகின்றன. கீழே குப்பை எரிக்கக் கூடாது, பட்டாசு கூடாது, பிள்ளைகள் கல்லெறியக் கூடாது. சுவருக்குப் பெயின்ட் அடிப்பதைத் தள்ளிப்போடுங்கள். யாரையாவது கொட்டினால் கையை வீசாமல் வேகமாக உள்ளே போய்க் கதவைச் சாத்துங்கள். கொடுக்கு தோலில் மாட்டிக்கொண்டு நஞ்சை இறக்கிக்கொண்டே இருக்கும், உடனே நகத்தால் சுரண்டி எடுங்கள். மூச்சு வாங்கினாலோ முகம் வீங்கினாலோ ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், காத்திருக்க வேண்டாம். தேனீக்கடி ஒத்துக்கொள்ளாத ஒருவர் அந்த மாடியிலேயே குடியிருக்கிறார் என்றால் வனத்துறையைக் கேட்டு, தேன் எடுத்துப் பழகியவரை வைத்துப் புகை போட்டு நகர்த்தலாம். அதை நான் தடுக்க மாட்டேன்.

மற்றபடி, அடை காலியான பிறகு ஆளை ஏற்றி மெழுகைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்துப்பூச்சி வந்துவிடும். அடுத்த கார்த்திகையில் வேண்டாம் என்று அசோசியேஷன் நினைத்தால் அந்த இடத்தை நன்றாகக் கழுவி வெள்ளையடித்து வலை கட்டச் சொல்லுங்கள். பழைய மெழுகின் சுவடு இருந்தால் அங்கேயே வந்து ஒட்டும்.

அன்புடன்,
காளிகாட், கொல்கத்தா